ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஷூவில் கூடைப்பந்து ஆடலாமா?

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை சாயங்காலம் சிவகாசியிலோ விருதுநகர் பஜாரிலோ ஒரு செருப்புக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால், இந்தப் பேச்சு காதில் விழும்.

"அண்ணாச்சி, பாப்பாவ பாஸ்கெட்பால் டீம்ல எடுத்திருக்காங்க. ஷூ வேணும்."

"என்ன நம்பர் போடுது பாப்பா?"

"அஞ்சு போடுவா. நீங்க ஆறு குடுங்க. வளர்ற பிள்ள."

"யம்மா, இது லூசா இருக்கும்மா..."

"முன்னாடி கொஞ்சம் பஞ்சு வச்சுக்கிடலாம். ரெண்டு வருசத்துக்காவது வரணும்ல?"

பேசுகிற அம்மா ஃபயர் ஆபீஸுக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ அச்சகத்துக்கோ போகிறவராக இருப்பார். வாரச் சம்பளத்தில் பால் பாக்கி, குழுக் கடன், டியூஷன் எல்லாம் போக மிஞ்சியதைக் கையில் இறுக்கிப் பிடித்திருப்பார். கடை அலமாரியில் இருக்கும் ஷூ ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். மகளின் செல்போனில் இருக்கும் ஷூவோ பத்தாயிரத்துக்கும் மேலே. அந்த வித்தியாசம் இரண்டு பேருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அம்மாவின் மனசில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும்: 'விலை கம்மியா வாங்கிக் குடுத்துட்டோமே, பிள்ளை காலுக்கு ஏதும் ஆயிருமோ?'

நியாயமான பயம்தான். பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். பட்ஜெட் ஷூவில் தாராளமாகக் கூடைப்பந்து ஆடலாம். அந்தக் கடையில் நடந்த பேச்சில் ஆபத்தானது ஆயிரத்து ஐந்நூறு அல்ல, பஞ்சு!

ஷூவுக்கு அங்கே என்ன வேலை?

ஓடுவதற்கான ஷூவுக்கு ஒரே திசைதான். முன்னே போனால் போதும். கூடைப்பந்து அப்படி இல்லை. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் கொண்ட ஆடுகளத்தில் பத்துப் பேர் ஆடுகிறார்கள். ஓடு, நில், திரும்பு, பக்கவாட்டில் நகரு, குதி, பின்னால் வா! ஆஸ்திரேலியத் தொழில்முறை வீரர்களை வைத்து 1995-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வீரர் ஒரு போட்டியில் சராசரியாக ஆயிரம் முறை அசைவை மாற்றுகிறார், 46 முறை குதிக்கிறார் என்று கணக்கிட்டார்கள். அதாவது இரண்டு வினாடிக்கு ஒரு முறை காலுக்குப் புதுக் கட்டளை.

ஆக, கூடைப்பந்து ஷூவிடம் நாம் கேட்பது நாலே விஷயம். தரையைப் பிடிக்க வேண்டும். குதித்து இறங்கும்போது அதிர்வைத் தாங்க வேண்டும். பாதம் உள்ளே வழுக்காமல் குதிகாலைக் கவ்விக்கொள்ள வேண்டும். சீக்கிரம் தேய்ந்து போகக் கூடாது. ஆயிரம் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரையுள்ள ஷூக்கள் இந்த நாலு பாடத்தில் எவ்வளவு மார்க் வாங்குகின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பாடம்: பிடி

சிவகாசிக்காரர்களுக்கு உராய்வைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. குச்சி நன்றாக இருந்தாலும் பெட்டியின் பக்கப் பட்டையில் ஈரமோ தூசியோ ஏறிவிட்டால் தீப்பெட்டி பற்றாது. ஷூவின் பிடியும் அதே கதைதான். ஷூ பாதி, தரை பாதி.

டெலிவிஷனில் பார்க்கும் என்.பி.ஏ. ஆட்டங்கள் பளபளப்பான மரத் தரையில், கூரைக்குக் கீழே நடப்பவை. அந்தத் தரைக்காகச் செய்யும் விலை உயர்ந்த ஷூக்கள் பலவற்றின் அடிப்பகுதி மிருதுவான ரப்பர். மரத் தரையை அது பசை போட்டதுபோலப் பிடிக்கும். நம் பிள்ளைகள் ஆடுவது எங்கே? பெரும்பாலும் பள்ளிக்கூட மைதானத்தில் திறந்தவெளி சிமென்ட் தளத்தில். சுற்றிலும் கரிசல் பூமி. காற்றடித்தால் தளம் முழுக்க மெல்லிய புழுதி. சொரசொரப்பான சிமென்ட், மிருதுவான ரப்பரை உப்புத்தாள் மாதிரித் தேய்த்துவிடும். பத்தாயிரம் ரூபாய் ஷூ, ஒரு சீசன் முடிவதற்குள் வழுக்கையாகிவிடலாம்.

இந்த இடத்தில்தான் பட்ஜெட் ஷூ பலரையும் ஆச்சரியப்படுத்தும். அதன் அடி ரப்பர் பெரும்பாலும் கொஞ்சம் கெட்டியானது. மரத் தரையில் அது குறை. சிமென்ட்டில் அதுவே நிறை. கெட்டி ரப்பர் மெதுவாகத்தான் தேயும்.

ரப்பரில் உள்ள கோடுகளையும் கவனிக்க வேண்டும். மீன் முள் மாதிரி வளைந்து வளைந்து போகும் கோடுகள் இருந்தால் முன்னே, பின்னே, பக்கவாட்டில் என எல்லாத் திசையிலும் பிடிக்கும். கோடுகள் ஆழமாகவும் கொஞ்சம் இடைவெளி விட்டும் இருப்பது நல்லது. நெருக்கமான மெல்லிய கோடுகளில் நம்மூர்ப் புழுதி போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் கோடு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஓர் எச்சரிக்கை. அடிப்பகுதி ரப்பராக இல்லாமல் வழவழவென்று பிளாஸ்டிக்போல இருக்கும் பி.வி.சி. ஷூக்களும் இதே விலையில் 'ஸ்போர்ட்ஸ் ஷூ' என்று விற்கப்படுகின்றன. நடக்கலாம், ஆடக் கூடாது. நகத்தால் அழுத்திப் பாருங்கள். ரப்பர் லேசாக உள்வாங்கி மீளும். பிளாஸ்டிக்கில் நகம் வழுக்கும்.

பிடிக்கு மார்க்: சரியான ரப்பராக இருந்தால், சிமென்ட் தளத்தில் பட்ஜெட் ஷூ நல்ல மார்க்கிலேயே பாஸ்.

இரண்டாவது பாடம்: அதிர்வு தாங்குதல்

குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப்போலச் சில மடங்கு பாரம் பாதத்தில் விழுகிறது. அதைத் தாங்குவது ஷூவின் நடு அடுக்கு. பட்ஜெட் ஷூக்களில் இது பெரும்பாலும் ஈ.வி.ஏ. எனப்படும் நுரைப் பொருள். விலை உயர்ந்த ஷூக்களில் காற்றுப் பை, விசேஷ நுரை, கார்பன் தகடு என்று என்னென்னவோ இருக்கும்.

விலைக்கு ஏற்றபடி பாதுகாப்பும் கூடுமா? ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஓட்ட ஷூக்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. மலிவு, நடுத்தரம், விலை அதிகம் என மூன்று வகையையும் மாட்டிவிட்டு, பாதத்தில் விழும் அழுத்தத்தை அளந்தார்கள். மலிவு ஷூவும் நடுத்தர ஷூவும் விலை உயர்ந்த ஷூவுக்குச் சமமாகவே அதிர்வைத் தாங்கின. 2008-ல் வெளிவந்த முடிவு இது. அங்கே மலிவு என்பது 40 பவுண்டு என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும்: ஒரு குறைந்தபட்சத் தரத்தைத் தாண்டிவிட்டால், அதற்கு மேல் கொடுக்கும் பணம் அதே அளவில் காலைக் காப்பாற்றுவதில்லை.

இன்னொரு ஆய்வு நேரடியாகக் கூடைப்பந்தைப் பற்றியது. ஆஸ்திரேலியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைக் கண்காணித்து 2001-ல் வெளியிட்டார்கள். குதிகாலில் காற்றுப் பை வைத்த ஷூ அணிந்தவர்களுக்குக் கணுக்கால் அடிபடும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 4.3 மடங்கு அதிகமாக இருந்தது! ஏற்கெனவே சுளுக்கு வந்தவர்களுக்கு ஏறக்குறைய 5 மடங்கு. ஆட்டத்துக்கு முன் தசைகளை நீட்டிப் பயிற்சி செய்யாதவர்களுக்கு 2.6 மடங்கு. கணுக்கால் காயங்களில் கிட்டத்தட்டப் பாதி, குதித்து இறங்கும்போது ஏற்பட்டவை. ஷூவின் தொழில்நுட்பம் அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. இருந்தாலும் 'விலை அதிகம் என்றால் கால் பத்திரம்' என்ற நினைப்பைச் சந்தேகப்பட வைக்க இந்தக் கணக்கு போதும்.

பட்ஜெட் ஷூவின் நிஜக் குறை வேறு. ஈ.வி.ஏ. நுரை மிதிபட மிதிபட அமுங்கிப் போகும். புதிதில் நன்றாக இருப்பது, தினமும் ஆடினால் சில மாதங்களில் கட்டையாகிவிடும். பக்கவாட்டில் நுரையில் ஆழமான சுருக்கங்கள் விழுந்தாலோ, மேஜையில் வைத்துப் பின்னால் இருந்து பார்க்கும்போது ஷூ ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அது நடைப் பயிற்சிக்கு.

அதிர்வு தாங்குதலுக்கு மார்க்: புதிதில் பாஸ். நாள்பட்டால் சந்தேகம்.

மூன்றாவது பாடம்: கவ்விப் பிடித்தல்

பட்ஜெட் ஷூ திணறும் பாடம் இதுதான். வேகமாக ஓடி வந்து சட்டென்று பக்கவாட்டில் திரும்பும்போது பாதம் ஷூவுக்குள் நகரக் கூடாது. அதற்குக் குதிகாலைச் சுற்றியுள்ள பகுதி கிண்ணம்போல உறுதியாக இருக்க வேண்டும். மலிவான ஷூக்கள் பலவற்றில் இது வெறும் அட்டை. கட்டைவிரலால் அமுக்கினால் அப்பளம்போல மடங்கும். அப்படி மடங்கினால் அந்த ஷூவை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

கணுக்காலை மூடும் உயரமான ஷூ பாதுகாப்பானது என்று பலரும் நம்புகிறார்கள். 1993-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 622 கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு உயர ஷூ, குட்டை ஷூ என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சுளுக்கு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே உயரத்துக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். குதிகால் கிண்ணம் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

விலை அதிகமான ஷூ மட்டும் கவ்விப் பிடித்துவிடுமா? 2019 பிப்ரவரி 20. டியூக் பல்கலைக்கழகத்துக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கும் ஆட்டம். பார்வையாளர் வரிசையில் முன்னாள் அதிபர் ஒபாமாவும் இருக்கிறார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நட்சத்திர வீரர் சயான் வில்லியம்சன் திரும்ப முயன்றபோது அவருடைய நைக்கி ஷூ பிளந்து, பாதம் வெளியே வந்துவிட்டது. முழங்காலில் சுளுக்கு. உலகத்தின் முன்னணி நிறுவனம் செய்த, நூறு டாலருக்கும் மேல் விலையுள்ள ஷூ அது. வீரரின் எடை ஏறக்குறைய 129 கிலோ என்பதும் உண்மை. ஆனாலும் விலைச் சீட்டு காலுக்கு உத்தரவாதச் சீட்டு அல்ல என்று அன்றைக்கு எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

கவ்விப் பிடித்தலுக்கு மார்க்: ஷூவுக்கு ஷூ மாறும். கையால் அமுக்கிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

நான்காவது பாடம்: உழைப்பு

பட்ஜெட் ஷூவில் முதலில் விட்டுக்கொடுப்பது ரப்பர் அல்ல, பசை. முன்பக்கம் விரல்களுக்கு அருகே வாய் பிளக்கும். அதற்கு நம்மூரில் நல்ல வைத்தியம் இருக்கிறது. வாங்கிய உடனேயே தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றித் தையல் போட்டுவிடுவது. கொஞ்சம் செலவுதான், ஷூவின் ஆயுள் நன்றாகவே கூடும்.

மற்றவை வீட்டுப் பழக்கங்கள். ஆடும் ஷூவைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கக் கூடாது. செருப்பில் போய், ஷூவை மஞ்சப்பையில் கொண்டுபோக வேண்டும். ஆட்டத்துக்கு முன் ஈரத் துணியால் அடிப்பகுதியைத் துடைத்தால் புழுதி போய்ப் பிடி திரும்பும். வேர்வையில் நனைந்த ஷூவை வெயிலில் காயவைத்தால் பசை இளகும், நுரை சுருங்கும். உள்ளே பேப்பரைத் திணித்து நிழலில் வைத்தால் போதும். சிவகாசியில் பேப்பருக்கா பஞ்சம்!

பதினைந்து டாலர் ஷூவில் ஆடியவர்

'இதெல்லாம் வீட்டுச் சமாதானம். பெரிய ஆட்டக்காரர் யாராவது மலிவு ஷூவில் ஆடுவாரா?' என்று பிள்ளைகள் கேட்கலாம். ஆடியிருக்கிறார்.

ஸ்டீபன் மார்பரி நியூயார்க்கின் கோனி ஐலண்டில், பெரிய குடும்பத்தில் பிறந்து ஏழ்மையில் வளர்ந்தவர். என்.பி.ஏ.வில் கோடிகளில் சம்பளம் வாங்கும் நட்சத்திரமானார். 2006-ல் ஸ்டீவ் அண்ட் பேரிஸ் என்ற கடை நிறுவனத்துடன் சேர்ந்து 'ஸ்டார்பரி ஒன்' என்ற கூடைப்பந்து ஷூவை வெளியிட்டார். மற்ற நட்சத்திரங்களின் பெயர் பொறித்த ஷூக்கள் நூறு, நூற்றைம்பது டாலருக்கு விற்ற காலம் அது. இதன் விலை 14 டாலர் 98 சென்ட்! அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஏறக்குறைய 700 ரூபாய்.

பெயரை மட்டும் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கவில்லை. கடையில் ஏழைப் பிள்ளைகள் வாங்கும் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு நியூயார்க் நிக்ஸ் அணிக்காக என்.பி.ஏ. களத்தில் இறங்கினார். கடைகளில் கூட்டம் அலைமோதியது. 2008-ல் அந்தக் கடை நிறுவனம் திவாலானதால் ஷூவின் ஓட்டம் நின்றது. மார்பரி பிறகு சீனாவுக்குப் போய், பெய்ஜிங் அணிக்கு மூன்று முறை சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஷூ மலிவு என்பதால் அவர் ஆட்டம் மலிவாகிவிடவில்லை.

இங்கேயும் அந்த வழி இல்லாமல் இல்லை. ஜலந்தரின் நிவியா, டெகாத்லான் கடைகளின் டார்மாக் போன்றவை கூடைப்பந்துக்கென்றே எட்டும் விலையில் ஷூ விற்கின்றன. எந்தப் பெயரானாலும் மேலே சொன்ன நாலு பாடத்தில் தேர்வு வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அந்தப் பஞ்சு விஷயம்

இப்போது மறுபடி செருப்புக் கடைக்கு வருவோம். அஞ்சாம் நம்பர் காலுக்கு ஆறாம் நம்பர் ஷூ. முன்னால் பஞ்சு. அந்தப் பஞ்சு, ஷூவின் நீளத்தை நிரப்புமே தவிர, குதிகாலைப் பிடிக்காது. பிள்ளை ஓடி வந்து நிற்கும்போது ஷூ நின்றுவிடும், பாதம் மட்டும் உள்ளே இன்னும் கொஞ்சம் போகும். விரல் நகம் கறுக்கும், குதிகாலில் கொப்புளம் வரும். திரும்பும்போது பாதம் ஒரு பக்கமும் ஷூ ஒரு பக்கமும் போனால் கணுக்கால் மடங்கும். உலகத்தின் விலை உயர்ந்த ஷூவாக இருந்தாலும், ஒரு சைஸ் பெரிதாக இருந்தால் அது மோசமான ஷூதான்.

'வளர்ற பிள்ள' என்ற கணக்குக்கும் ஒரு பதில் சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், இந்தியர்களுக்கென்று தனிக் காலணி அளவு முறையை உருவாக்க 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை அளந்தது. 'பா' என்று அந்த முறைக்குப் பெயர். பாரத் என்பதன் முதல் எழுத்து. அந்த ஆய்வில் தெரியவந்த இரண்டு விஷயங்களை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒன்று, பெண் பிள்ளைகளின் பாத வளர்ச்சி சராசரியாக 11 வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. பையன்களுக்கு 15, 16 வயது. அப்படியானால் ஒன்பதாவது படிக்கும் பெண்ணுக்கு 'வளர்வாள்' என்று பெரிய சைஸ் வாங்குவதில் பெரும்பாலும் அர்த்தமே இல்லை. அவள் உயரம் கூடலாம். பாதம் அநேகமாக வளர்ந்து முடிந்திருக்கும். பையன்களுக்கு மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அவர்களுக்கும் விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மேல் இடம் விடக் கூடாது.

இரண்டு, நம் பாதங்கள் பொதுவாக மேலைநாட்டுப் பாதங்களைவிட அகலமானவை. வெளிநாட்டு அளவில் செய்த குறுகலான ஷூ பக்கவாட்டில் இறுக்கும். 'டைட்டாக இருக்கிறது' என்று ஒரு சைஸ் பெரிதாகக் கேட்போம். அகலத்துக்காகக் கேட்டு, வேண்டாத நீளத்தையும் சேர்த்து வாங்குகிறோம். அதற்குப் பதிலாக, அதே நீளத்தில் முன்பக்கம் அகலமான வேறு மாடலைக் கேட்க வேண்டும். இந்த விஷயத்தில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அகல ஷூ, பத்தாயிரம் ரூபாய் குறுகல் ஷூவை ஜெயித்துவிடும்.

கடையில் பத்து நிமிடம்

செல்போனில் ஆர்டர் போடாமல் கடைக்கே போவது நல்லது. போகும்போது இவற்றைச் செய்து பாருங்கள்:

• சாயங்காலம் போங்கள். பகல் முழுக்க நடந்த கால் லேசாக வீங்கியிருக்கும். ஆடும்போதும் அப்படித்தான் இருக்கும்.

• ஆடும்போது போடும் அதே தடிமனான சாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். கடையில் தரும் மெல்லிய சாக்ஸில் அளவு ஏமாற்றும்.

• இரண்டு காலிலும் போட்டு, நாடாவை முழுசாகக் கட்டி, எழுந்து நின்று பாருங்கள். ஒரு கால் கொஞ்சம் பெரிதாக இருப்பது சகஜம். பெரிய காலுக்குப் பொருந்துவதே அளவு.

• ஷூவின் இரு முனைகளையும் பிடித்துத் துணி பிழிவதுபோல முறுக்குங்கள். சுலபமாக முறுகினால் வேண்டாம். மடக்கினால் விரல் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும், நடுவில் அல்ல.

• கடைக்குள்ளேயே நாலு அடி ஓடி, நின்று, பக்கவாட்டில் சாயச் சொல்லுங்கள். குதிகால் மேலே எழும்பினால் வேறு ஜோடி கேளுங்கள். அண்ணாச்சி கோபித்துக்கொள்ள மாட்டார்.

• ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டு ஷூக்களுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15844. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டு உண்மையா என்று சோதிக்கலாம்.

• பெரிய பிராண்டின் பெயரோடு எண்ணூறு ரூபாய்க்கு வரும் 'ஃபர்ஸ்ட் காப்பி'யைத் தொடாதீர்கள். அங்கே பெயருக்குத்தான் காசு. சொந்தப் பெயரோடு வரும் பட்ஜெட் ஷூ அதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொரு லாபமும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அதற்கு மேல் போனால் 18 சதவீதம்.

மிச்சப் பணத்துக்கு ஒரு வேலை

பத்தாயிரம் ரூபாய் ஷூ வாங்கவில்லை. சரி, கணுக்காலுக்கு வேறு என்ன செய்யலாம்? இரண்டு வழிகள் ஆராய்ச்சியில் தேறியிருக்கின்றன. ஒன்றுக்குக் கொஞ்சம் செலவு, இன்னொன்றுக்குச் செலவே இல்லை.

முதல் வழி, நாடா கட்டும் வகை ஆங்கிள் பிரேஸ். அமெரிக்காவில் 1,460 பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களை வைத்து நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இதை அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காயங்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. மெடிக்கல் ஷாப்பில் காட்டும் வெறும் எலாஸ்டிக் உறை அல்ல, நாடா கட்டும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். முன்பு சுளுக்கு வந்த பிள்ளைக்கு இது கட்டாயம் என்றே சொல்லலாம்.

இரண்டாவது, ஒற்றைக்காலில் நிற்பது. நம்ப முடிகிறதா? 765 பள்ளிக் கால்பந்து, கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடம் சமநிலைப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், கணுக்கால் சுளுக்கு 38 சதவீதம் குறைந்தது என்று 2006-ல் வெளியானது. பல் தேய்க்கும்போது ஒரு காலில் நில். பழகிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு நில். அப்புறம் ஒற்றைக்காலில் நின்றபடி பந்தைப் பிடித்துப் போடு. தினம் சில நிமிடங்கள் போதும்.

அப்படியும் கால் மடங்கிவிட்டால்? நம் பக்கத்தில் உடனே எண்ணெய் தடவி உருவிவிடும் வழக்கம் இருக்கிறது. புதுச் சுளுக்கை உருவினால் வீக்கம் கூடும். ஆட்டத்தை நிறுத்தி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, கிரேப் பேண்டேஜ் கட்டி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டாலே உயிர் போகிறது என்றாலோ, எக்ஸ்ரே எடுக்காமல் விடக் கூடாது. வலி போய்விட்டது என்பதற்காக மறுநாளே களத்தில் இறக்கவும் கூடாது. முதல் சுளுக்கு சரியாக ஆறாமல் ஆடுவதுதான் அடுத்த சுளுக்குக்கு வழி.

தீபாவளி வரை காத்திருக்கலாமா?

விருதுநகர் மாவட்டத்து வீடுகளில் ஒரு காலண்டர் சிக்கல் உண்டு. பட்டாசுத் தொழிலாளர் குடும்பத்தில் பெரிய பணம் புழங்குவது தீபாவளி போனஸின்போதுதான். பள்ளிகளின் குறுவட்டப் போட்டிகளோ ஜூலை, ஆகஸ்ட்டிலேயே தொடங்கிவிடும். 'போனஸ் வரட்டும், நல்ல ஷூவா எடுப்போம்' என்று தள்ளிப்போட்டால், அதற்குள் பிள்ளை வழவழத்த பழைய ஷூவிலோ பி.டி. பீரியடுக்கு வாங்கிய கேன்வாஸிலோ பாதி சீசனை ஆடி முடித்திருப்பாள். அக்டோபரில் வரப்போகும் விலை உயர்ந்த ஷூவைவிட, ஜூலையில் காலுக்குப் பொருந்தும் பட்ஜெட் ஷூ மேலானது.

பந்தயத்தில் இருப்பது கோப்பை மட்டும் அல்ல. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. அரசு வேலையில் 3 சதவீதம் இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மாவட்டம், மாநிலம் என்று ஆடிக்கொண்டே போக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போய் 18 ஆண்டுகள் இந்திய அணிக்கு ஆடி, 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை, குழந்தை பெற்ற பிறகும் களத்துக்குத் திரும்பியவர். அத்தனை ஆண்டுகள் ஆட, கால் ஒத்துழைக்க வேண்டும். ஒரு சீசன் சுளுக்கோடு உட்கார்ந்தால், அந்த ஆண்டு திரும்பி வராது.

ஃபயர் ஆபீஸில் மருந்து அறைக்குள் போகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். காலில் இரும்பு ஆணி அடித்த செருப்போடு அங்கே யாரும் நுழைய முடியாது. செருப்பின் விலையை அங்கே யாரும் கேட்பதில்லை. அடியில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். மகளுக்கு ஷூ வாங்கும்போதும் அந்த அம்மா அதே கண்ணோடு பார்த்தால் போதும். ஷூவைக் கவிழ்த்து ரப்பரைப் பார்க்கட்டும். குதிகாலை அமுக்கட்டும். மகளைக் கடைக்குள் நாலு அடி ஓடவிடட்டும்.

அப்புறம் அண்ணாச்சியிடம் தைரியமாகச் சொல்லலாம்: "ஆறு வேண்டாம் அண்ணாச்சி. அஞ்சே குடுங்க."